பச்சை

தேர்வுக்கூடம் போர்ட்டேஜ் அவென்யூவில், இரண்டாம் மாடி.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தரச் சொல்லி
காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் காவல்காரி.
சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக் காட்டினேன்.
பைகளை வெளியே இழுத்துக் காட்டினேன்:
ஒரு கசங்கிய டிஷ்யூ, ஒரு பஸ் டிக்கெட்.
எதையும் ஒளித்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது.
அது விதி.

நூற்று எண்பது கேள்விகள்.
எழுபத்தோராவது இன்னும் நினைவிருக்கிறது.
திட்டம் பின்தங்கிவிட்டது. பணம் போடுகிறவர்
அறிக்கையில் அதைக் காட்ட வேண்டாம் என்கிறார்.
திட்ட மேலாளர் முதலில் என்ன செய்வார்?
மூன்று விடைகள் தாமாகவே நாணித் தலைகுனிந்திருந்தன.
நான்காவதைச் சொடுக்க
ஏழு விநாடிகூட ஆகவில்லை எனக்கு.

சான்றிதழில் பெயரை முழுசாக அச்சடித்திருந்தார்கள்,
வாகீஸ்வரி கனகரட்ணம், ஓர் எழுத்து விடாமல்.
அலுவலகத்தில் நான் வாகி.
மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க
அறுபது மணி நேரம் படித்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும்.
நெறிமுறை வகுப்பை
வெங்காயம் வதக்கிக்கொண்டே கேட்டேன்,
ஒன்றரை மடங்கு வேகத்தில்.
நேர்மை நேர்மை என்று கீச்சிட்டது அந்த ஆளின் குரல்.
அதையும் ஒரு மணி நேரமாக வரவு வைத்தார்கள்.

இது ஜனவரி. டிரான்ஸ்கோனாவில்
ஒரு பள்ளிக்கூடத்துக்கு உடற்பயிற்சிக் கூடம்.
தளம் போட்ட மூன்றாம் இரவு மைனஸ் முப்பத்தொன்று.
ஹீட்டர் நின்றுவிட்டது,
எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியாது.
ரொடெல் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு
ஒன்றும் பேசாமல் மறுபடி மூடினான்,
தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி.
தளத்தோடு கிடந்து குளிர்ந்த உருளைகளை
ஏழாம் நாள் நசுக்கிப் பார்த்தார்கள்.
இருபது வர வேண்டிய இடத்தில் பதினொன்று.

இறுகாத கான்கிரீட்டுக்கு இங்கே பச்சை என்றுதான் பெயர்.
நாமும் அப்படித்தான் சொல்வோம்.
பச்சை மண். பச்சை உடம்பு.
விரல் பட்டால் தாங்காத எதற்கும் அந்தச் சொல்.
வாராந்தர அறிக்கையிலும் ஒரு பச்சை உண்டு,
வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் நிரப்ப வேண்டிய கட்டம்.
"இருபத்தெட்டாம் நாள் சோதனை வரட்டும், வாகி,
அதுவரை பச்சையே இருக்கட்டும்" என்றார் ஃப்ரீசன்.
கெட்ட மனிதர் இல்லை.
போன மாதம் என் கார் உறைந்து கிடந்தபோது
கேபிள் கொண்டுவந்து உயிர் கொடுத்தவர்.
அவருக்கு மேலே ஒருவர்; அவருக்கும் மேலே
செப்டெம்பரில் ரிப்பன் வெட்டக் காத்திருக்கும் ஒருவர்.
"பொய் சொல்லச் சொல்லவில்லையே," என்றார்,
"பொறுத்துச் சொல்லத்தானே."

பச்சைப் பொய் என்று ஒரு சொல் இருக்கிறது எங்களிடம்.
அவருக்கு அதை மொழிபெயர்க்கப் பார்த்து, விட்டுவிட்டேன்.

முதலில் மஞ்சள் போட்டேன்.
வீட்டில் மஞ்சள் மங்களம்;
இங்கே அது கோழையின் சிவப்பு.
அந்தத் தளத்தில் ஆறு வயதுப் பிள்ளைகள்
கூட்டமாகக் குதிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்
என எழுதினால் நன்றாக இருக்கும்.
உண்மையில் நினைத்தது வீட்டுக் கடனை,
என் நாற்காலிக்கு வரக்கூடிய இரண்டு பேரை,
பிறகு, ஏனோ, அந்தக் காவல்காரியை.
கண்ணாடிக் காம்பில் எதை ஒளிப்பேன் என்று நினைத்தாள்?

மூன்று ஐம்பத்திரண்டு. சிவப்பு.
பக்கத்தில் ஒரு வரி: ஹீட்டர் நின்றது, பதினொன்று,
துளையிட்டுப் பார்க்க வேண்டும்.
சேமிக்கப் போனால்
கோப்பு பூட்டியிருக்கிறது என்கிறது திரை,
ஃப்ரீசன் திறந்து வைத்திருக்கிறாராம்.

எழுந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே
சிவப்பு ஆறு என்று பெயர் வைத்த ஆறு
வெள்ளையாக உறைந்து கிடந்தது.
அவர் கதவு பாதி திறந்திருந்தது.
திரையில் என் கட்டம் இன்னும் பச்சை.
அதன் மேல் சுட்டியை வைத்தபடி
அவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்.
தட்டினேன்.